ஆறு மணிக்கு மேல் பேசாத குழந்தை

மூன்றாம் மாடிக் குழந்தைக்குப் பேச்சே வராதாம். ஐந்து வயதாகியும் வாயைத் திறப்பதில்லையாம். கீழ்வீட்டு அம்மாள் கிளப்பிவிட்ட புரளி, லிஃப்டில் ஏறி மொட்டைமாடி வரை போய்விட்டது. எதற்கும் பார்த்துவிடுவோம் என்று போனால், மாலை ஐந்தரைக்கு அந்தக் குழந்தை சமையலறையில் பேசிப் பேசி அம்மாவின் காதைத் துளைத்துக்கொண்டிருக்கிறது! ஆறு மணிக்கு வாசலில் செருப்புச் சத்தம். குழந்தை கப்சிப்.

ஆகவே வாசகரே, கோளாறு வாயில் இல்லை, செருப்புக்காரரிடம் இருக்கிறது. அவர் ‘வீட்டுத் தமிழ்க் காவலர்’ என்னும் இனம். பிஸ்கட் தொழிற்சாலையில் உடைந்ததைப் பொறுக்கி ஒதுக்குவது அவர் உத்தியோகம். பகலெல்லாம் பிஸ்கட், ஆறிலிருந்து எட்டு வரை மகளின் வாக்கியம். அவள் வாயை மூடிக்கொள்வதற்கு முன் நடந்ததெல்லாம் இப்படித்தான்:

“அப்பா, பஸ்ல ஒரு அண்ணா வாமிட் பண்ணிட்டான்!”

“வாந்தி எடுத்தான். எங்கே, திரும்பச் சொல்லு.”

சொல்லி முடிப்பதற்குள் அந்த அண்ணன் கதி என்னவென்று அவளுக்கே மறந்துவிடும். அவரும் கேட்கமாட்டார். ஃபிரிட்ஜ் மேல் ஒட்டிய பிழைக் கணக்கு அட்டையில் சிவப்புக் கோடு ஒன்று போட்டுவிட்டு, “யெஸ் சார், டிஸ்பாட்ச் பண்ணிடலாம் சார், டென்ஷன் ஆகாதீங்க” என்று போனோடு பால்கனிக்குப் போய்விடுவார். அது உத்தியோகத் தமிழ். கணக்கில் வராது.

தமிழ்க் கதைப்புத்தகங்களும் வாங்கியிருக்கிறார். நாற்பத்து மூன்று. பிளாஸ்டிக் உறை போட்டு, கண்ணாடி அலமாரியில் பூட்டி, அந்த அலமாரியைப் படமெடுத்துச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பியும் ஆயிற்று. குழந்தை கையில் கொடுத்தால்? கிழிந்துவிடாதா!

அப்படி அனுப்பிய படம்தான் வினையானது. ஞாயிற்றுக்கிழமை அவருடைய அக்கா வந்து இறங்கினார். “ஏன்டா, இவ்வளவு புக்கு அடுக்கி வச்சிருக்கியே, பாப்பா ஒரு வரியாவது படிப்பாளா?”

“காபி சாப்பிடுறியாக்கா?” என்றார் காவலர். மானம் போகப்போகிறது. அதற்குள் மகள் காலண்டருக்குப் பின்னாலிருந்து சாவியை எடுத்து, அலமாரியைத் திறந்து, யானைக் கதையை உருவிக்கொண்டு வந்துவிட்டாள்.

“உனக்கு எப்படி...?”

“தினமும் மத்தியானம் எடுக்கிறதுதானே,” என்றாள் மனைவி, வெங்காயத்திலிருந்து கண்ணெடுக்காமல்.

“நான் ஒரு பக்கம், அப்பா ஒரு பக்கம். அம்மாகூட அப்படித்தான்,” என்று சட்டம் சொன்னாள் மகள். விரலை வைத்து எழுத்தெழுத்தாகக் கூட்டினாள். “யா...னை... கு...ளத்தில்... ஒரு... காலை... வைத்தது.” பிறகு அத்தையைப் பார்த்து, “ஐயோ அத்தை, ஸ்லிப் ஆகப்போகுது!”

காவலர் வாய் திறந்தது.

“சும்மா இருடா,” என்றார் அக்கா. “அவ படிக்கட்டும்.”

பக்கம் முடிந்தது. “அப்பா, உங்க டர்ன்.”

அவர் புத்தகத்தை வாங்கினார். உட்கார்ந்தார். தொண்டையைச் செருமினார். போன் அடித்தது. “ரெண்டே நிமிஷம்டா கண்ணு. யெஸ் சார்...”

அடுத்த பக்கத்தையும் அவளுக்குக் கூட்டிப் படிக்கத் தெரியும். ஆனால் அது அப்பாவுடைய பக்கமாயிற்றே! அவர் வைத்துவிட்டுப் போன புத்தகத்தில் விரலைச் செருகியபடி பால்கனிக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்படியும் ஒரு மனிதரா என்று நீங்கள் சிரிப்பது கேட்கிறது. நல்லது. ஒன்றே ஒன்று: ‘ஸ்லிப்’ என்று அவள் சொன்னபோது, ‘வழுக்கப்போகுது’ என்று உங்கள் நாக்கு நுனி வரை வந்ததா இல்லையா?

அது கிடக்கட்டும். அந்த வீட்டில் இன்று புதன்கிழமை. யானை இன்னும் குளத்தில் ஒற்றைக் காலை வைத்தபடியே நிற்கிறது. ஒரு பக்கம் பாக்கி.