முட்டுச்சந்து அல்ல, வழி உண்டு

அபிராமபுரம்,
செவ்வாய்க்கிழமை, 1997

'நம்ம வட்டாரம்' வார இதழின் ஆசிரியர் அவர்களுக்கு, முதல் இதழிலிருந்து விடாமல் படிக்கும் சுவாமிநாதனின் நமஸ்காரம். தாங்களும் தங்கள் அச்சகமும் க்ஷேமம் என்று நம்புகிறேன். நான் க்ஷேமமில்லை. காரணம் தங்கள் வரைபடம்.

வாசகர்களே தெருக்களைத் திருத்தி எழுதிப்போடலாம், வாராவாரம் புதுப் படம் வரும் என்று தாங்கள் அறிவித்ததும் முதல் கார்டு போட்டவன் நான். எங்கள் தெருவையும் பெரிய தெருவையும் சேர்க்கும் குறுக்குச் சந்து படத்தில் பாதியில் நின்றது; இணைத்துக் கொடுத்தேன். அந்தத் தைரியத்தில், என் மகள் மஹதியைப் பெண் பார்க்க வடபழனியிலிருந்து வருபவர்களுக்கு வழி சொல்லாமல் அந்த வாரத் தங்கள் இதழையே தபாலில் அனுப்பினேன். அனுப்புமுன் நான் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. நான் திருத்திய படத்தை நானே சரிபார்ப்பதா? ஆனால் 'அபிராமபுரம் வாசகி' என்று ஒருத்தி அது முட்டுச்சந்து என்று எழுதிப்போட, தாங்களும் அந்த இதழிலேயே சந்தை வெட்டிவிட்டீர்கள்! எதிரே சந்து திறந்து கிடக்கிறது, அச்சில் இல்லை என்பதால் கார் நுழையவில்லை. ஆழ்வார்பேட்டையைச் சுற்றி வருவதற்குள் ராகு காலம் பிறந்துவிட, அப்படியே திரும்பிவிட்டார்கள். யாரையாவது கேட்டிருக்கலாமே என்பீர்கள். மாப்பிள்ளையின் அப்பா கேட்கமாட்டார். பிள்ளை வீட்டார் பெண் வீட்டைத் தேடி அலைவதாகத் தெரு பேசுமாம்.

நான் மறுபடி இணைத்தேன். அதே வாசகி அதை அடுத்த தெருவில் கொண்டுபோய் ஒட்டிவிட்டாள். கதவு எண் சரி, தெரு தப்பு. அந்தத் தெருவில் டியூஷன் எடுக்கும் மர்சலின் டீச்சர் வீட்டில் போய் உட்கார்ந்துவிட்டார்கள். டியூஷனுக்கு வந்தவர்கள் என்று நினைத்த டீச்சர், முப்பது வயது மாப்பிள்ளையைக் காட்டி, "தம்பி எத்தனாவது படிக்குது? மேத்ஸ்ல வீக்கா?" என்று கேட்டிருக்கிறார். வருங்காலச் சம்பந்தி போனில் குதித்தார்: "இதோ பாருங்கோ, மூணாவது தடவையும் வழி சரியா இல்லேன்னா நாங்க வேற எடம் பாத்துக்கறோம்!" என் மனைவி விஜயலக்ஷ்மி பஜ்ஜி மாவைக் கரைத்து அலுத்துவிட்டாள்.

அந்தச் சந்தில் காலமெல்லாம் நடந்தவன் அடித்துச் சொல்கிறேன், வழி இருக்கிறது. வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் இணைத்துவிடுங்கள். அந்த வாசகியின் பெயர், விலாசத்தையும் அனுப்புங்கள். நேரில் போய்ப் பேசிக்கொள்கிறேன்.

கபாலியும் கற்பகாம்பாளும் தங்களைக் காக்கட்டும், தங்களுக்குப் படம் வரைபவரைச் சற்றுக் கூடுதலாக.

இப்படிக்கு,
சுவாமிநாதன்

பி.கு.: ஸ்டாம்ப் ஒட்டச் சொல்லி மஹதியிடம் கொடுத்தேன். படித்துவிட்டு எதிரில் வந்து உட்கார்ந்தாள். "அந்த வாசகி நான்தாம்ப்பா. கல்யாணமானா வேலையை விட்டுடணும்னு அவா ஆத்துல போன்லயே சொல்லிட்டா. வேண்டாம்னு உங்ககிட்ட எத்தனை தடவை சொன்னேன்? பேப்பரைப் பாத்துண்டே 'ம்'னேள். பேப்பர்ல வந்தாத்தானே நீங்கோ படிப்பேள்?" என்றாள். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, அழுகையும் வந்தது. வடபழனிக்குப் போன் செய்து வர வேண்டாமென்று சொல்லிவிட்டேன். ஆனாலும் அந்த மனுஷர் கிளம்பி வந்தாலும் வருவார். ஆகையால் மேலே எழுதியது ரத்து. முட்டுச்சந்து என்றே போடவும். எங்கள் தெருவையும் எடுத்துவிட்டால் இன்னும் விசேஷம்.