திறக்காத கதவு விஷயமாக

சிரஞ்சீவி மகனுக்கு, அப்பா அநேக ஆசிகளுடன் எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை.

இந்த வீட்டைக் கட்டிக்கொடுத்த உன் பெரியப்பா, தூண் என்றால் தாங்க வேண்டும், கதவு என்றால் திறக்க வேண்டும், மற்றதெல்லாம் வெட்டி ஜம்பம் என்பார். வெள்ளைச் சுவர், தட்டைக் கூரை. தீப்பெட்டி என்று தெருவே கேலி செய்தது, ஆனால் கண்ணை மூடிக்கொண்டு நடக்கலாம். நீ கட்டடக்கலை படித்துவிட்டு வந்து, "நேர்க்கோட்டைப் பார்த்துப் பார்த்து அலுத்துப் போச்சுப்பா, கட்டடமும் கொஞ்சம் சிரிக்கணும்" என்றாய். சரி, சிரித்துத் தொலையட்டும் என்று வீட்டை உன் கையில் விட்டேனே, என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். இப்போது வாசலில் அரண்மனை முகப்பு, அதுவும் வேண்டுமென்றே நடுவில் பிளந்தது, தபால்காரர், "எப்ப சார் இடிஞ்சுது?" என்று துக்கம் விசாரிக்கிறார். கூடத்துத் தூண் கூரையைத் தொடாமல் ஒரு முழம் கீழேயே நின்றுவிட்டது. வருகிறவர்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டே தேநீர் குடித்துச் சட்டையில் கொட்டிக்கொள்கிறார்கள்.

அதெல்லாம் போகட்டும். கூடத்துச் சுவரில் நிலை, கைப்பிடி, பூட்டு எல்லாம் வைத்து, பின்னால் அறையே இல்லாமல் ஒரு கதவு வைத்தாயே, அது எதற்கடா? "சும்மா ஒரு வேடிக்கைப்பா" என்றாய். உன் அம்மாவுக்கு ஞாபகம் தப்பிக்கொண்டே வருவது உனக்குத் தெரியாதா? குளியலறை என்று நினைத்து அதைத்தான் இழுக்கிறாள். "யாரு உள்ளே? சீக்கிரம் வாங்களேன்" என்று தட்டித் தட்டி, கடைசியில் புடவை நனைந்து நின்று அழுகிறாள். போன வாரம் தோளால் முட்டித் தள்ளி விழுந்து நெற்றியில் தையல். எப்படி விழுந்தார் என்று மருத்துவர் கேட்டார். "கதவுக்குப் பின்னாடி ரூம் இல்ல டாக்டர்" என்றேன். என்னையும் உட்காரவைத்துப் பரிசோதித்தார்.

நீ உடனே வந்து அதைப் பெயர்த்தெடு. வராவிட்டால் நானே கொத்தனாரைக் கூப்பிடுவேன்.

மருமகளுக்கும் என் ஆசிகள். வேளைக்குச் சாப்பிடுங்கள்.

கோபம் தீராத,
அப்பா

பின்குறிப்பு: இதைத் தபாலில் போடுவதற்குள் பொறுக்க முடியாமல் கொத்தனாரைக் கூப்பிட்டுவிட்டேன். அவர் உளியை எடுத்ததும் உன் அம்மா குறுக்கே போய் நின்றாள். "உள்ளே பையன் படிச்சிட்டிருக்கான், சத்தம் போடாதீங்க" என்று அவரை விரட்டிவிட்டாள். பிறகு கதவில் வாயை வைத்து, "சாப்பிட்டியாடா?" என்று கேட்டாள். போன முறை நீ எதிரில் உட்கார்ந்திருந்தபோது, யார் இந்த ஆள் என்று என்னிடம் கேட்டவள் அவள். கதவு இருக்கட்டும். நீ இப்போதைக்கு வர வேண்டாம்.