பிழை மாமாவின் வாய்ப்பூட்டு

மனிதன் பேசக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து இன்றுவரை ஒருவரும் ஒரு வசனத்தைக்கூடச் சரியாகச் சொன்னதில்லை என்று உறுதியாக நம்பிய ஒரே ஆள் எங்கள் பிழை மாமாதான். உம்மாவின் தம்பி. கல்முனைக் கடைத்தெருவில் சின்னதாக ஒரு புடவைக்கடை வைத்திருந்தார். அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. ஊர் அதைத் தொந்தரவு செய்யவில்லை.

யார் வாயைத் திறந்தாலும் "பிழை" என்பார். வானொலியில் செய்தி வாசிப்பவர் வணக்கம் சொல்லி முடிக்கவே "பிழை" என்பார். "நீலச் சாரன் ஒண்டு எடுங்க" என்று கேட்டு வந்தவரிடம், "பிழை. ஒங்கட நிறத்துக்கு நீலம் எடுபடாது" என்று பச்சையை விரிப்பார். அந்த மனிதர் சரியென்று பச்சையைக் கையில் எடுத்தால் அதற்கும் ஒரு பிழை வைத்திருப்பார். ஒருமுறை காய்ச்சலில் கிடந்தபோது, இது காய்ச்சல் என்று டொக்டர் சொன்னதை ஒப்புக்கொள்ளாமல் நடுங்க நடுங்க வாதாடினார். "சரி, காய்ச்சல் இல்ல. மருந்தை மட்டும் குடிங்க" என்று சொல்லிவிட்டு டொக்டர் தப்பிப் போனார்.

வாரத்தில் ஒரேயொரு நேரம்தான் அந்த வாய் மூடியிருக்கும். வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் ஜும்ஆத் தொழுகைக்கு முன் குத்பாப் பிரசங்கம் நடக்கும் நேரம். அப்போது பக்கத்தில் பேசுகிறவனைப் பார்த்துப் பேசாதே என்று சொல்வதும் கூடாது. மாமா அதை அட்சரம் பிசகாமல் கடைப்பிடிப்பார். தொழுகை முடிந்து வெளியே வந்ததும், பக்கத்தில் நிற்பவர் மாட்டுகிற செருப்பிலிருந்து மறுபடி தொடங்குவார்.

எழுபதுகளின் கடைசியில் என் தங்கச்சி ஹபீபா பள்ளிக்கூட விவாத அணிக்குத் தெரிவானாள். மட்டக்களப்பில் போட்டி. நாட்டுக்குப் பெரிதும் உதவுவது வயலா கடலா என்பது தலைப்பு. அவளுக்கு வயல். வரிப்பத்தான்சேனைப் பக்கம் வேளாண்மை செய்யும் எங்கள் வாப்பாவுக்கு அதில் உள்ளூரச் சந்தோசம்தான். ஆனால் பெண்பிள்ளை மேடையேறுவதில் அவருக்கு அரை மனது.

"இந்த ஒரு தரம் பாப்பம். அங்க போய் முழிச்சிட்டு நிண்டா, பேச்சும் கீச்சும் இதோட முடிஞ்சி" என்று சொல்லிவிட்டார்.

ஒரு மாதமாக ஹபீபா விறாந்தையில் நின்று பேசிப் பழகினாள். வசனத்துக்கு வசனம் மாமா கதிரையிலிருந்து குறுக்கே விழுந்தார். "பிழை. வெள்ளம் வந்தா ஒண்ட வயல் எங்க?" என்பார். முதலில் அழுதுகொண்டே பதில் சொன்னாள். பிறகு அழாமல் சொன்னாள். கடைசி வாரத்தில் அவரையே இரண்டொரு தடவை தலையைச் சொறிய வைத்தாள். அப்படியிருந்தும், மாமாவும் போட்டிக்கு வருகிறார் என்று தெரிந்ததும் ஒற்றைக்காலில் நின்றாள்.

"மாமா வந்தா நான் வரல்ல."

"ஏன் புள்ள, நான் என்ன செஞ்சன்?"

"அங்கயும் பிழை எண்டு கத்துவீங்க. எல்லாரும் சிரிப்பாங்க."

"பிழை. நான் கத்தமாட்டன்."

உம்மாதான் நடுவில் வந்து தீர்த்து வைத்தார். "தம்பி, குத்பா நேரம் இரிக்கிற மாதிரி இரிக்கணும். ஏலுமா?"

மாமா வாயை ஒருமுறை கையால் பொத்திப் பார்த்தார். "ஏலும்" என்றார்.

சனிக்கிழமை காலை வாடகை வேனில் குடும்பமாகப் புறப்பட்டோம். போட்டி முடிய காத்தான்குடியில் உம்மாவின் தங்கச்சி, எங்கள் சாச்சி வீட்டில் தங்கி, மறுநாள் திரும்புவதாக ஏற்பாடு. மண்டபத்தில் பேசாதிருந்தால் போதும் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். மாமாவுக்கு வேனில் கால் வைத்ததுமே குத்பா தொடங்கிவிட்டது. டிரைவர் வழி கேட்டபோதும் வாய் திறக்கவில்லை.

களுவாஞ்சிக்குடியில் தேத்தண்ணிக்கு இறங்கி ஏறினோம். வேன் புறப்பட்டதும் மாமா கையையும் காலையும் உதறத் தொடங்கினார். பின்னால் காட்டினார். வயிற்றைத் தடவிக் காட்டினார். இல்லாத தாடியை நீவிக் காட்டினார்.

"காத்து வேணுமாக்கும்" என்று உம்மா ஜன்னலைத் திறந்துவிட்டார்.

ஆரையம்பதி தாண்டித்தான் நான் பின் சீட்டைத் திரும்பிப் பார்த்தேன். வாப்பாவின் குடை இருந்தது. தொந்தியும் தாடியுமாக அதில் உட்கார்ந்திருந்த வாப்பா இல்லை. தேத்தண்ணிக் கடையிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறோம்.

"வாயத் தொறந்து சொன்னா என்ன மாமா?" என்றேன். தொழுகையில் குறும்பு செய்யும் பிள்ளையைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். திரும்பிப் போக நேரமில்லை. "அவரு பஸ்ஸில வருவாரு" என்று உம்மா மனதைத் தேற்றிக்கொண்டார்.

மண்டபம் நிறைந்திருந்தது. ஹபீபா நன்றாகத்தான் தொடங்கினாள். நாலைந்து வசனம் போனதும் தடுமாறினாள். சபை அவ்வளவு அமைதியாக இருந்தது. எங்கள் விறாந்தையில் ஒரு வசனத்தையும் அவள் குறுக்கீடு இல்லாமல் முடித்ததில்லை. இங்கே ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. வார்த்தை நின்றது. அவள் மாமாவைப் பார்த்தாள். மாமா கைலேஞ்சியால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து வியர்த்து வழிந்தபடி வாப்பா வாசலில் வந்து நின்றார். முழிச்சிட்டு நின்றால் என்று அவர் எதைச் சொல்லி எச்சரித்தாரோ அதுதான் மேடையில் நடந்துகொண்டிருந்தது.

"பிழை."

மண்டபமே திரும்பியது. மாமா எழுந்து நின்றார்.

"வெள்ளம் வந்தா ஒண்ட வயல் எங்க?"

"பொறுங்க மாமா, அதத்தானே சொல்ல வாறன்" என்றாள் ஹபீபா. சொன்னாள். வெள்ளம் விட்டுப்போகும் வண்டலைச் சொன்னாள். கடலுக்குப் போகிறவனும் சோற்றைக் கட்டிக்கொண்டுதான் போகிறான் என்றாள். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அதற்குள் இரண்டு மாணவத் தலைவர்கள் மாமாவைக் கைத்தாங்கலாக வெளியே கொண்டுபோயிருந்தார்கள். மீதிப் பேச்சை அவர் வெளியில் நின்று கேட்டார். ஜன்னல் உயரம். அவருடைய தொப்பி மட்டும் தெரிந்தது.

சபையிலிருந்து உதவி கிடைத்தது என்று நடுவர்கள் புள்ளியை வெட்டினார்கள். அணி தோற்றது. இரவு சாச்சி வீட்டில் சோற்றில் கை வைத்தபடி, "அடுத்த போட்டி எப்பயாம்?" என்று வாப்பா கேட்டார். உம்மாவுக்கும் எனக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. மாமா மட்டும் தலை நிமிரவில்லை. கறி எப்படி என்று சாச்சி கேட்டதற்கும் பதிலில்லை. எங்களுக்குப் பயம் பிடித்தது.

ஞாயிறு காலை வேனிலும் அதே மௌனம். தாளங்குடாவுக்குக் கிட்ட ஹபீபாவால் தாங்க முடியவில்லை.

"கதைங்க மாமா."

அவர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க இல்லாட்டி மேடையில எனக்குக் கதையே வந்திராது மாமா."

மாமா கைலேஞ்சியை எடுத்துக் கண்ணைத் துடைத்தார்.

"பிழை" என்றார். "அது ஒண்ட சொந்தக் கதை."

பிறகு வாப்பாவின் பக்கம் திரும்பி, தேத்தண்ணிக் கடையில் அவர் இறங்கியதே பிழை என்று தொடங்கினார். கல்லாறு போனது, மருதமுனை போனது. மாமா நிறுத்தவில்லை. வேனிலிருந்த ஒருவரும் நிறுத்தச் சொல்லவுமில்லை.