குழாயடிக்கு வராத ரகசியம்

இந்தத் தடவை பட்டிமன்றத்தில் பெண்குலத்தின் வாயையே அடைத்துவிடுவது என்று சுப்புராயன் முடிவு கட்டிவிட்டார்.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் தனியார் பஸ்களுக்கு டைம் கீப்பர் அவர். வாயில் விசில் இருக்கும். விசிலை எடுத்தால் பேச்சு இருக்கும். இரண்டும் இல்லாமல் அந்த வாயைப் பார்த்தவர்கள் ஊரில் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஊர்த் தமிழ் மன்றத்தின் ஆண்டு விழாவில் பட்டிமன்றம். ‘பெண்கள் பட்டாளத்தில் சேரலாமா, கூடாதா?’ என்று தலைப்பு. கூடாது கட்சிக்கு அவர்தான் தலைவர்.

அந்தக் கட்சியை அவர் சும்மா எடுக்கவில்லை. மூன்று மாதத்துக்கு முன்னால் மகள் எழில்மதி, பி.எஸ்ஸி. முடித்தவள், ஒரு பேப்பர் விளம்பரத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். பெண்களையும் ராணுவத்தில் ஆபீசராக எடுக்கிறார்களாம்.

“பொட்டப்புள்ளைக்குப் பட்டாளமா? எனக்குத் தெரிஞ்ச படை முதுகுல வர்ற படைதான். அதுக்குக் களிம்பு வாங்கித் தரேன், போ!” என்று துரத்திவிட்டார். மாப்பிள்ளை பார்க்கத் தரகரிடமும் சொல்லி வைத்தார். அதோடு அந்த விஷயம் தீர்ந்தது என்று நினைத்தார். பாவம், நல்ல மனுஷன்.

வியாழக்கிழமை காலையில் வீட்டில் ஒத்திகை. மனைவி அமிர்தம் அரிவாள்மணையில் கத்திரிக்காய் அரிந்துகொண்டிருந்தாள். சுப்புராயன் தூணைப் பார்த்து முழங்கினார்.

“பொம்பளையால பாரம் தூக்க முடியாது!”

“இந்தாங்க, அந்த அரிசி மூட்டைய உள்ள தள்ளி வெச்சிட்டுப் பேசுங்க. நேத்து வண்டியிலேர்ந்து நான்தான் எறக்கினேன்.”

“விடியக்காலையில எழுந்திருக்க முடியாது!”

“உங்கள டெய்லி எழுப்பறது யாருங்க? சேவலா?”

“குண்டுச் சத்தம் கேட்டா மயக்கம் போட்டு வுழுந்துடுவா!”

“தீவாளிக்கு வெடி வெச்சப்ப காதப் பொத்திக்கினு கட்டிலுக்கு அடியில பூந்தது யாரு? நானா?”

“பந்திக்கு முந்து, படைக்குப் பிந்துன்னு பெரியவங்க சொல்லியிருக்காங்கடி!”

“அது ஆம்பளைங்களுக்கு ஆம்பளைங்களே சொல்லிக்கினது.”

ஒவ்வொரு பாயிண்டாக விழுந்துகொண்டே வந்தது. மிச்சம் ஒன்றே ஒன்றுதான்.

“ரகசியம்! பொம்பள வாயில ரகசியம் நிக்குமா? காலையில தளபதி சொன்னா மத்தியானம் குழாயடிக்கு வந்துடும். அப்புறம் நாடு இன்னாத்துக்கு ஆவறது?”

அமிர்தம் அரிவதை நிறுத்தினாள். நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தாள். மறுபடியும் குனிந்து கத்திரிக்காயை அரிந்தாள். ஆஹா, அடித்தோம்டா என்று சுப்புராயனுக்கு மனசு குளிர்ந்துவிட்டது.

ஆனால் மேடையில் சும்மா சொன்னால் எடுபடுமா? அத்தாட்சி வேண்டும். ஒரு பொய் ரகசியத்தைப் பெண்டாட்டி காதில் போடுவது, அது எத்தனை மணி நேரத்தில் குழாயடிக்கு வருகிறது என்று டைம் எடுப்பது, அதை மேடையில் போட்டு உடைப்பது என்று திட்டம். டைம் எடுக்கிற வேலை அவருக்குப் புதுசா என்ன? கையில் வாட்ச்தான் இல்லை. அது காணாமல் போய் மூன்று மாதம் ஆகிறது.

கதவைச் சாத்திவிட்டு வந்தார். குரலைத் தாழ்த்தினார்.

“அமிர்தம், யாருகிட்டயும் மூச்சு வுடாத. திங்கக்கெழம விடிஞ்சா, ஆறு வருஷத்துக்கு முன்ன மாதிரியே, ரோடு பூரா மரத்த வெட்டிப் போடப் போறாங்க. ஒரு வாரத்துக்கு பஸ் ஓடாது.”

எண்பத்தேழில் நடந்த இடஒதுக்கீட்டு மறியலை யார் மறப்பார்கள்? புளியமரமெல்லாம் ரோட்டில் படுத்துக் கிடந்தது, டைம் கீப்பர் வீட்டில் படுத்துக் கிடந்தார். இப்போது மறுபடியும் டீக்கடைக்கு டீக்கடை கோர்ட்டு, தீர்ப்பு, ஒதுக்கீடு என்றுதான் பேச்சு. சொன்னால் எவரும் நம்புவார்கள்.

“நெசமாவாங்க?” அமிர்தத்தின் முகம் வெளுத்துவிட்டது.

“விசில் மேல சத்தியம்!”

வெள்ளிக்கிழமை காலையில் குடத்தைத் தூக்கிக்கொண்டு அவரே குழாயடிக்குப் போனார். குழாயடி என்றால் ரங்கம்மாள். ரங்கம்மாள் வாய்க்குள் போனது எதுவும் ஊருக்குள் போகாமல் இருந்ததில்லை. ஆனால் அன்றைக்குப் புளி விலை வந்தது, மருமகள் வந்தாள், மரம் மட்டும் வரவே இல்லை.

“இன்னா ரங்கம்மா, ஊர்ல எதுனா விசேஷமா?”

“ஒண்ணும் இல்லீங்களே!” என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பின்னால் நின்ற நாலு பெண்களும் சிரித்தார்கள். எதற்கு என்று அவருக்குப் புரியவில்லை.

சாயங்காலத்துக்குள் அவருக்குத் தலை வெடித்துவிடும் போல ஆகிவிட்டது. கொளஞ்சியப்பன் டீக்கடையில் மெல்ல ஆழம் பார்த்தார்.

“கொளஞ்சி, ரோட்டப் பத்தி எதுனா காதுல வுழுந்துதா?”

“இன்னா ரோடு?”

“திங்கக்கெழம... மரம்... ஒண்ணும் இல்ல, வுடு.”

“மரமா! மறுபடியுமா! எத்தினி நாளு?”

“ஒரு வாரம்னு... அட, நான் எங்க சொன்னேன்? யாருகிட்டயும் சொல்லாத!”

“சேச்சே, நான் போய்ச் சொல்வனா?” என்றான் கொளஞ்சியப்பன். பால் பொங்குவதற்குள் பெஞ்சில் இருந்த ஏழு ஆம்பளைகளுக்கும் சொல்லிவிட்டான்.

சனிக்கிழமை மண்ணெண்ணெய்க்கு அடிதடி. கடைகளில் அரிசி கிடையாது. ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் பஸ் ஸ்டாண்டில் தேர்த் திருவிழாக் கூட்டம். வெள்ளிமலைக்காரர்கள் மூட்டையும் முடிச்சுமாக மலையேறப் பறக்கிறார்கள். சேலம் போகிறவர்கள் சின்னசேலம் பஸ்ஸில் கூரைமேல்கூட உட்கார்ந்துவிட்டார்கள். “ஏறு, ஏறு, போலாம் ரைட்!” என்று சுப்புராயன் ஊதித் தள்ளினார். டீக்கடைப் பக்கம் மட்டும் திரும்பவே இல்லை.

மத்தியானம் போலீஸ் வந்தது. வதந்தி எங்கே பிறந்தது என்று விசாரித்தால் எல்லா விரலும் டீக்கடையைக் காட்டின. கொளஞ்சியப்பனின் விரல் மட்டும் டைம் கீப்பரைக் காட்டியது. ‘இனிமேல் வாயைத் திறக்க மாட்டேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் ஸ்டேஷனை விட்டு வந்தார். பட்டிமன்றமும் நின்றுபோனது, நடுவரே முதல் பஸ்ஸில் ஊரைக் காலி பண்ணியிருந்தார்.

வீட்டுக்குள் நுழையும்போதே கத்தினார். “எல்லாம் உன்னாலதான்டி! நீ ஏன் யாருகிட்டயும் சொல்லல?”

“நீங்கதானே சொல்லக் கூடாதுன்னீங்க?”

“சொல்லாதன்னா சொல்லாமயே இருந்துடுவியா? எங்க எழிலு? தண்ணி கொண்டாரச் சொல்லு!”

“அவ மெட்ராசுக்குப் போயிட்டாங்க.”

“மெட்ராசா?”

“பட்டாளத்து ட்ரெயினிங். செலெக்ட் ஆயிட்டா.”

சுப்புராயன் தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

“எப்ப... எப்பிடி?”

“டைப்ரைட்டிங் கிளாசுன்னு காலையில போவாளே, ஓடறதுக்குங்க. ரங்கம்மா சைக்கிள்ல பின்னாலயே போய் டைம் பாத்தாங்க. உங்க வாட்ச்ச வெச்சிக்கினுதான். போன மாசம் மாமன் வூட்டுக்குன்னு பெங்களூரு போனது இன்டர்வியூவுக்கு.”

“ரங்கம்மாளுக்குத் தெரியுமா?”

“தெருவுல இருக்கிற பொம்பளைங்க எல்லாருக்கும் தெரியும்.”

மூன்று மாதம்! ஒரு தெரு! ஒருத்தி வாயைத் திறக்கவில்லை!

அமிர்தத்தின் குரல் கொஞ்சம் இறங்கியது. “செவ்வாக்கெழம அனுப்பறதா இருந்தோம். நாளைக்கு உங்ககிட்ட சொல்லி, நீங்க வெட்டனாலும் சரி, குத்தனாலும் சரி, கால்ல வுழுந்துட்டுதான் போவேன்னு கெடந்தா. நீங்கதான் திங்கக்கெழமையிலேர்ந்து பஸ்ஸே ஓடாதுன்னு விசில் மேல சத்தியம் பண்ணீங்க. அதான் இன்னிக்கி காலையில சின்னசேலம் பஸ்ஸுல ஏத்தி, அங்க ரயிலு புடிச்சி விருத்தாசலத்துல மெட்ராஸ் வண்டிக்கு மாறிக்கோன்னு அனுப்பிட்டேன். ஜன்னலாண்ட முக்காடு போட்டுக்கினு உங்களையே பாத்துக்கினு போனாளாம்.”

சுப்புராயன் கழுத்தில் தொங்கிய விசிலைப் பார்த்தார். அந்த பஸ்ஸுக்கு ஊதியது அவர்தான். “ஏறு, ஏறு” என்று சொன்னதும் அவர்தான். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

“பெத்த அப்பன்டி நான்! என்கிட்ட மட்டும் ஏன்டி சொல்லல?”

அமிர்தம் தண்ணீர்ச் செம்பை அவர் கையில் கொடுத்தாள்.

“ராணுவ ரகசியம்ங்க. ஆம்பளைங்ககிட்ட எப்பிடிங்க சொல்றது?”