மோட்டார் சைக்கிளுக்கு ஒரு கழிவறை

வீட்டோடு ஊர் சுற்றுகிறவனுக்கு உள்ள ஒரே தொல்லை, பால் வாங்கப் போனாலும் வீட்டோடுதான் போக வேண்டும் என்பது. பணி ஓய்வு பெற்றதும் இந்தத் தொல்லையை ஆசையாக விலைகொடுத்து வாங்குவது நியூசிலாந்தில் ஒரு நாகரிகம். ட்ரெவர் பக்ஸ்டனும் வாங்கினார். வாழ்நாளெல்லாம் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டியவர். ஓய்வு பெற்ற கையோடு ஏறக்குறைய அதே நீளத்தில் ஒரு கேரவனை வாங்கி, "இனிமேதான் நிம்மதி" என்றார்.

"ஆமாமா, பசங்க சத்தம் மட்டும் கொறையுது" என்றாள் அவர் மனைவி ரேவின்.

கேரவனில் கட்டில் இருந்தது, அடுப்பு இருந்தது, ஈரத்துண்டைச் சூடேற்ற ஒரு மின்கம்பிகூட இருந்தது. எளிய வாழ்க்கைக்கு அவ்வளவு போதும். ஆனால் கடற்கரையில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, பந்தலை இழுத்து, பந்தலுக்கடியில் கம்பளம் விரித்து, விளக்குச் சரம் தொங்கவிட்டு உட்கார்ந்த பிறகு ரொட்டி தீர்ந்துவிட்டது என்று தெரிந்தால், அத்தனையையும் சுருட்டியாக வேண்டும். ஆகவே ட்ரெவர் ஒரு சிவப்பு மோட்டார் சைக்கிளும் வாங்கினார். கேரவனின் முதுகில் ஓர் இரும்புத் தாங்கியைப் பொருத்தி, குட்டியைச் சுமக்கும் குரங்குபோல் அதைச் சுமக்க வைத்தார்.

ஏற்றி இறக்குவது மட்டும் கொஞ்சம் சிரமம். சாய்பலகையை வைத்து, பட்டைகளை அவிழ்த்து, ட்ரெவர் மேலிருந்து பிடிக்க, ரேவின் கீழிருந்து தாங்க வேண்டும்.

"விடு!"

"எதை விட?"

"பிரேக்கை விடுன்னேன். பைக்கையா விடச் சொன்னேன்?"

கல்யாணமான நாள் முதல் பேசாமல் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகளெல்லாம் அந்தச் சாய்பலகை மேல்தான் வெளியே வந்தன.

அந்த ஜனவரியில் அவர்கள் ஹினேமாரு விரிகுடாவில் வந்து நிறுத்தியதற்குக் காரணம் இருந்தது. அங்கிருந்து இருபது நிமிடத்தில் உள்ள ஊரில் மகள் ஜோலின் நிறைமாதமாக இருந்தாள். அவள் வீட்டில் இருந்த ஒரே காலி அறையை மருமகனின் அம்மா முன்கூட்டியே வந்து பிடித்துவிட்டாள். "வலி வந்ததும் கூப்பிடறேம்மா, நீ பக்கத்துல இருக்கணும்" என்று ஜோலின் சொல்லியிருந்தாள். கேரவனைச் சுருட்டிக் கிளப்புவதற்குள் குழந்தை நடக்கப் பழகிவிடும் என்பதால், பைக் இரவும் பகலும் தரையில் தயாராக நின்றது.

அதை ப்ரென்டன் பார்த்துவிட்டார்.

ப்ரென்டன், மாவட்ட மன்றத்தின் சுதந்திர முகாம் அமலாக்க அலுவலர். கட்டணமில்லாமல் வண்டியை நிறுத்தித் தங்குவதற்கு அங்கே சுதந்திர முகாம் என்று பெயர். சுதந்திரத்தை எப்படி அமல்படுத்துவது என்று முறையாகப் பயிற்சி பெற்றவர். கையில் பேனா, காலில் பளபளக்கும் பூட்ஸ்.

"காலை வணக்கம், ட்ரெவர். கேரவனுக்குப் பச்சை வில்லை இருக்கு, ரொம்ப சந்தோஷம். இந்த வாகனத்துக்கு எங்க?"

"எந்த வாகனத்துக்கு?"

ப்ரென்டன் பேனாவால் சுட்டிக் காட்டினார்.

"அது பைக்குங்க."

"ராத்திரி இங்கதானே இருந்துச்சு?"

"வேற எங்க போகும்?"

"விரிகுடாவுல இரவு தங்கற ஒவ்வொரு வாகனத்துலயும் நிலையா பொருத்தின கழிவறை இருக்கணும். இருக்குன்னு சான்று வாங்கி பச்சை வில்லை ஒட்டியிருக்கணும். விதி."

ட்ரெவர் சிரித்தார். ப்ரென்டன் சிரிக்கவில்லை. ட்ரெவர் தம் சிரிப்பை மெதுவாக மடித்து உள்ளே வைத்தார்.

"பைக்கு எதுக்குங்க கழிவறைக்குப் போகப்போகுது?"

"கேரவனும்தான் போறதில்ல. அதுக்கு இருக்கே."

ட்ரெவர் கேரவனைத் திரும்பிப் பார்த்தார். கையில் தேநீரோடு ரேவின் இறங்கி வந்தாள்.

"தாங்கி மேல இருந்தப்போ நீங்க ஒண்ணும் கேக்கலியே?"

"மேல இருந்தா அது சாமான், மேடம். கீழ எறங்கினா வாகனம்."

"முன்சக்கரம் மேலயும் பின்சக்கரம் கீழயும் இருந்தா?"

ப்ரென்டன் நேர்மையான மனிதர். உண்மையாகவே யோசித்தார். "அப்போ பின்பாதிக்கு மட்டும் கழிவறை வேணும்."

"எல்லாருக்கும் பின்பாதிக்குத்தான் வேணும்" என்றாள் ரேவின்.

அவர் அதைக் குறித்துக்கொள்ளவில்லை. வார முடிவுக்குள் வில்லை ஒட்டப்படாவிட்டால், பைக் மன்றத்தின் பாதுகாப்புக்கு எடுத்துச் செல்லப்படும் என்று வருத்தத்துடன் தெரிவித்துவிட்டுப் போனார்.

அடுத்த கேரவன்காரர் தாமட்டி, தூண்டிலோடு வந்து சேர்ந்தார். பெரிய உடம்பு, சிறிய காற்சட்டை.

"ஏம்ப்பா ட்ரெவ், கழிவறை வேணும்னா ஒண்ண வெச்சுடேன். அவனோட சண்ட போட்டா நீ தோத்துடுவ. கீழ்ப்படிஞ்சு பாரு, அவன் முழிப்பான்."

இந்த அறிவுரையில் ஒரே ஒரு பிழைதான் இருந்தது. ப்ரென்டன் முழிக்கிற ஆள் இல்லை.

ட்ரெவர் ஊருக்குப் போய், மூடி போட்ட சிறிய கழிவறைப் பெட்டி ஒன்றை வாங்கிவந்து, பைக்கின் பின்னிருக்கையைக் கழற்றிவிட்டு அங்கே நான்கு போல்ட் அடித்துப் பொருத்தினார். சான்று கொடுக்கும் உரிமம் பெற்ற டெஸ் என்ற குழாய்க்காரர் வந்தார். பைக்கைச் சுற்றி ஒரு சுற்று வந்து, விதிப்புத்தகத்தைப் பிரித்தார்.

"கழிவறை நிலையா இருக்கா? ஆட்டிப் பாக்கறேன். இருக்கு. கட்டில் விரிச்சிருக்கறப்பவும் உள்ள போக வழி இருக்கா?"

"கட்டிலே இல்லியே."

"கட்டில் இல்லன்னா அது வழிய மறிக்காது. தேறிச்சு. காத்தோட்டம்?"

மூவரும் வானத்தைப் பார்த்தார்கள். தெற்கிலிருந்து பலத்த காற்று வீசிக்கொண்டிருந்தது.

"ரொம்ப திருப்தி" என்று டெஸ் குறித்துக்கொண்டார். "மறைவு? பயன்படுத்தறவங்கள வெளியில இருக்கறவங்க அடையாளம் கண்டுடக் கூடாது."

ட்ரெவர் ரேவினைப் பார்த்தார். ரேவின் ஹெல்மெட்டை எடுத்துத் தன் தலையில் மாட்டி, கறுப்புக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு பெட்டியின்மேல் உட்கார்ந்தாள்.

"யார் இது?" என்று கேட்டது உள்ளிருந்து குரல்.

"தெரியலியே" என்றார் டெஸ் நேர்மையாக. பச்சை வில்லை பெட்ரோல் தொட்டியில் ஒட்டப்பட்டது.

அந்த ஒரு வில்லையால் ஹினேமாரு விரிகுடா ஒரு பெருமையை அடைந்தது. அங்கே தங்கும் வாகனங்களில் ஒன்றுகூடப் பாக்கியில்லாமல் எல்லாமே சான்று பெற்றவை ஆயின. ப்ரென்டன் அறிக்கை அனுப்பினார். மாவட்ட மன்றம் கூடி மகிழ்ந்தது. மகிழ்ச்சியில் ஓர் உறுப்பினருக்கு ஒரு கேள்வி பிறந்தது: வாகனத்துக்கு வாகனம் கழிவறை இருக்கும்போது, கடற்கரையில் மன்றம் கட்டி வைத்திருக்கும் அந்தப் பொதுக் கழிவறை எதற்கு?

ஒரு காலையில் இயந்திரம் வந்து அதை இடித்து, மாலைக்குள் புல் பதித்துவிட்டது. அங்கே ஒரு பலகை முளைத்தது: "இவ்விடம் இயற்கைக்கே திருப்பி அளிக்கப்பட்டது."

மறுநாள் காலை கேரவன்களின் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. தோளில் துண்டு, கக்கத்தில் செய்தித்தாள், காலில் ரப்பர் செருப்பு என்று வழக்கம்போல் எல்லோரும் நடந்துபோய், புதிய புல்தரையின் முன்னால் வந்து நின்றார்கள். இயற்கை அழைத்துக்கொண்டிருந்தது. போவதற்குத்தான் இடமில்லை.

இங்கே ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். விரிகுடாவில் எந்தக் கேரவன்காரரும் தம் கேரவனின் கழிவறையைப் பயன்படுத்தியதில்லை. பயன்படுத்தினால் அதன் தொட்டியைத் தாமே தூக்கிப்போய்க் கொட்டிக் கழுவ வேண்டும். அதற்காகவா ஆயுசு முழுக்க உழைத்து ஓய்வு பெற்றது? தாமட்டியின் கழிவறையில் தூண்டில்களும், மீன் இரை வைத்த குளிர்பெட்டியும் இருந்தன. ஆக்லாந்திலிருந்து வந்திருந்த தம்பதியின் கழிவறையில் கோல்ஃப் மட்டைகள். ட்ரெவருடையதில் பைக் கட்டும் பட்டைகள், சாய்பலகை, இரண்டு பெட்டி ஒயின், ரேவின் போட்ட பிளம் ஜாம். கதவைத் திறந்தாலே ஜாம் காலில் விழும்.

விரிகுடா முழுவதிலும் உள்ளே ஒன்றும் அடைக்காத கழிவறை ஒன்றே ஒன்றுதான். அது சிவப்பு நிறத்தில் நின்றுகொண்டிருந்தது.

தாமட்டி மெல்ல வந்தார். "ட்ரெவ், உன் பைக்க கொஞ்சம் குடேன்ப்பா."

"எங்க போகணும்?"

"எங்கயும் போக வேண்டாம்."

பக்கத்து வீட்டுக்காரனுக்கு இல்லை என்று எப்படிச் சொல்வது? பைக்கைத் தள்ளிக்கொண்டு போய் ஆளுயர நாணல்புதருக்குப் பின்னால், கடலைப் பார்த்தாற்போல் நிறுத்தினார்கள். தாமட்டி ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது ஹெல்மெட்டை ஆக்லாந்துப் பெண்மணியிடம் ஒன்றும் பேசாமல் நீட்டினார். பெண்மணி ஒன்றும் பேசாமல் வாங்கிக்கொண்டாள்.

இரண்டே நாளில் ஒழுங்கு ஏற்பட்டுவிட்டது. ஹெல்மெட் யார் கையிலோ அவர் அடுத்த ஆள். ஹெல்மெட் மாட்டியவரோடு பேசக் கூடாது, வணக்கமும் சொல்லக் கூடாது. ரொட்டி வாங்க ஊருக்குப் போய்க்கொண்டிருந்த ட்ரெவர் இப்போது எல்லோருடைய நேற்றையும் சுமந்துகொண்டு ஊருக்குப் போய்க் கொட்டிவிட்டு வந்தார்.

"இதுக்குத்தானா பைக்கு வாங்கின?" என்று கேட்டாள் ரேவின்.

"அவசரத்துக்குன்னுதானே வாங்கினேன்" என்றார் ட்ரெவர் பரிதாபமாக.

மூன்றாம் நாள் காலை ப்ரென்டன் ஆய்வுக்கு வந்தார். நீண்ட தூரம் வண்டி ஓட்டி வந்தவர், இறங்கியதும் பழக்கதோஷத்தில் பொதுக் கழிவறையை நோக்கி வேகமாக நடந்தார். பலகையைப் படித்தார். அவர் ஒப்புதலோடு எழுதப்பட்ட வாசகம்தான். முகம் வெளுத்துத் திரும்பியபோது நாணல்புதருக்கு முன்னால் ஆட்கள் நின்ற வரிசை கண்ணில் பட்டது. தொப்பியைக் கழற்றிப் பையில் மடித்து வைத்துவிட்டு, சாதாரண குடிமகனாக வரிசையில் நின்றார். அவருடைய முறையும் வந்தது.

அப்போதுதான் ட்ரெவரின் கைபேசி அடித்தது. மருமகன்.

"மாமா! வலி வந்துடுச்சு! ஆஸ்பத்திரிக்குக் கெளம்பிட்டோம். அம்மா எங்கன்னு கத்தறா!"

ட்ரெவரும் ரேவினும் புதரை நோக்கி ஓடினார்கள். பைக்கின் பின்னால் ஹெல்மெட் அணிந்த ஓர் உருவம் கடலைப் பார்த்து அமைதியாக அமர்ந்திருந்தது. கீழே பூட்ஸ் பளபளத்தது. ரேவின் ஹெல்மெட்டில் தட்டினாள்.

"ஆள் இருக்கு!" என்றது ஹெல்மெட்.

"ப்ரென்டன், எந்திரிங்க! வலி வந்துடுச்சு!"

"எனக்கும்தான்!"

"என் பொண்ணுக்குய்யா!"

"மேடம், நான் யாருன்னு நீங்க அடையாளம் கண்டுபிடிக்கக் கூடாது. சான்று செல்லாமப் போயிடும்."

ரேவின் சாவியைத் திருகி இஞ்சினை முடுக்கினாள். ப்ரென்டன் அரசு ஊழியர் ஒருவர் எழக்கூடிய அதிகபட்ச வேகத்தில் எழுந்தார்.

ட்ரெவர் அவர் தலையிலிருந்த ஹெல்மெட்டைக் கழற்றித் தாம் மாட்டிக்கொண்டார். கழிவறையைக் கழற்ற நேரமில்லை. மூடியை அடைத்து, அதன்மேல் ரேவின் உட்கார்ந்து கணவரின் இடுப்பைக் கட்டிக்கொள்ள, பைக் பறந்தது. ஆஸ்பத்திரி வாசலில் ஒரு தாதி பைக்கையும் பார்த்தாள், இவர்களையும் பார்த்தாள், ஒன்றும் கேட்காமல் வழிவிட்டாள்.

அவர்கள் போய்ச் சேர்ந்து கொஞ்ச நேரத்தில் பெண் குழந்தை பிறந்தது. மருமகனின் அம்மா தேநீர் வாங்கப் போயிருந்த நேரம் பார்த்துப் பிறந்தது என்பதில் ரேவினுக்குத் தனி சந்தோஷம். ஜோலின் அம்மாவின் கையை விடவேயில்லை. ட்ரெவர் குழந்தையை வாங்கி மார்போடு வைத்துக்கொண்டார். அது அவரை ஒரு கண்ணால் பார்த்துவிட்டு, எந்தச் சான்றும் இல்லாமல் அவர் சட்டையை நனைத்தது. வெகுநாளைக்குப் பிறகு அவர் கண் கலங்கச் சிரித்தார்.

மாலையில் திரும்பியபோது விரிகுடா முழுவதும் வாசலில் நின்றிருந்தது. முகங்கள் சரியில்லை. பலர் காலைப் பின்னிக்கொண்டு நின்றார்கள்.

"பேத்தி பொறந்திருக்கா!" என்று கத்தினார் ட்ரெவர்.

எல்லோரும் கைதட்டினார்கள். தாமட்டி அவரை இறுகக் கட்டித் தழுவினார். தழுவல் முடிந்தபோது ஹெல்மெட் தாமட்டியின் தலையில் இருந்தது. ஆள் பைக்கைத் தள்ளிக்கொண்டு புதரை நோக்கிப் பாதி தூரம் போய்விட்டார்.

தொப்பியோடு ப்ரென்டன் முன்னால் வந்தார். "வாழ்த்துகள். உங்க மேல ஒரு புகார் வந்திருக்கு. பொதுமக்கள் பயன்பாட்டுல இருக்கற கழிவறைய முன்னறிவிப்பு இல்லாம வெளியூருக்கு ஓட்டிட்டுப் போயிட்டீங்க."

"யார் குடுத்தது?"

எல்லோரும் கடலைப் பார்த்தார்கள். எல்லோருமே கையெழுத்துப் போட்டிருந்தார்கள். முதல் கையெழுத்து ப்ரென்டனுடையது.

"ஏங்க, இத்தனை பேர் கையெழுத்துப் போட்டீங்களே," என்றாள் ரேவின், "பழைய கழிவறைய மறுபடி கட்டுங்கன்னு ஒரு மனு எழுதியிருக்கலாம்ல?"

"அதுக்கும் மனு வெச்சிருக்கேன், மேடம்" என்றார் ப்ரென்டன். "ஒரே ஒரு கையெழுத்து போதும், மன்றம் கட்டிக் குடுத்துடும். என்ன, கையெழுத்துப் போடறவங்க தங்களோட கேரவன் கழிவறைய பயன்படுத்த முடியலன்னு ஒப்புக்கணும். நான் உடனே பச்சை வில்லைய உரிச்சுடுவேன். அவ்வளவுதான். யாரும் முன்வரல." அவர் பேனாவை நீட்டினார். "நீங்க போடறீங்களா?"

ட்ரெவர் பேனாவை வாங்கினார். பட்டைகளை நினைத்தார். இரண்டு பெட்டி ஒயினை நினைத்தார். ரேவினைப் பார்த்தார். ரேவின் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் புகாரைக் குடுங்க" என்றார்.

தம் பைக்கின் மேலான புகாரில், எல்லோருக்கும் கீழே தம் பெயரை எழுதினார். காரணம் என்ற இடத்தில் என்ன போடுவது என்று தெரியாமல் மேலே பார்த்தார். அத்தனை பேரும் ஒரே வார்த்தைதான் எழுதியிருந்தார்கள்: அவசரம்.

அவரும் அதையே எழுதிவிட்டு, வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டார்.