ஒரு டிரெய்லர் ஜல்லி

"மாமா, இன்னும் கொஞ்சம் அழுத்துங்க, வந்துடும்!" என்று பின்னாலிருந்து மச்சான் கத்தினான்.

டிரைவர் அழுத்தினார். வேன் வரவில்லை, சேறுதான் வந்தது. கண்ணாடியில் பார்த்தபோது மச்சானின் கண்கள் மட்டும் தெரிந்தன.

மலைமேல் இருக்கும் தங்கும் விடுதிக்கு ஒரு டிரெய்லர் ஜல்லி. நடுவில் காட்டுப் பாதை. பாதை என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான்.

ஜல்லிக் கடை மாமனாருடையது. போன தடவை டிரைவர் டிரெய்லரின் பின்கதவைச் சரியாகப் பூட்டாமல், வழியெல்லாம் ஜல்லியைக் கொட்டிவிட்டுப் போய் நின்றார். அதிலிருந்து மாமனாருக்கு அவரைக் கண்டாலே எரிச்சல். இன்று காலை கடை ஆட்கள் முன்னாலேயே சொல்லிவிட்டார்.

"ஒரு கூடை குறைஞ்சுதுன்னு போன் வந்தாலும் சரி மாப்ளே, வேன் சாவியை உங்க மச்சான்கிட்ட கொடுத்துட்டு நீங்க சல்லடை பிடிக்க வந்துடுங்க."

அந்த மச்சானையே துணைக்கும் அனுப்பியிருந்தார். அவன் வேன் ஓட்டியதில்லை. ஆனால் கரடுமுரடான பாதையில் வண்டி ஓட்டும் வீடியோ ஒன்று விடாமல் பார்த்திருந்தான்.

"டயர்ல பாதிக் காத்தை இறக்கணும் மாமா. அப்பத்தான் பிடிமானம் கிடைக்கும்."

இறக்கினார்கள். வேன் தாழ்ந்து, டிரெய்லர் மாட்டிய கொக்கி தரையில் குத்திக்கொண்டது.

"சரி, காத்தை ஏத்து."

"பம்பு இல்லையே. வீடியோவுல அவங்ககிட்ட இருந்துச்சு."

டிரைவர் பல்லைக் கடித்தார். "டிரெய்லரைக் கழட்டு. முதல்ல வேன் ஏறட்டும்."

வேன் ஏறியது. டிரெய்லர் இறங்கியது. அது பாட்டுக்கு உருண்டு போய், கீழே இருந்த இன்னும் பெரிய பள்ளத்தில் உட்கார்ந்துகொண்டது. அதை மாட்டப் பின்னால் வந்த வேனும் அதே பள்ளத்தில் சேர்ந்துகொண்டது.

"சக்கரத்துக்கு ஒரு கல்லை முட்டுக் கொடுக்கக் கூடாதா?"

"கல்லுக்கு நான் எங்க போவேன் மாமா?"

"வண்டி நிறைய என்னடா இருக்கு?" என்று டிரைவர் தலையில் அடித்துக்கொண்டார். அடித்த அடியில் யோசனை வந்தது. "அந்த ஜல்லியையே அள்ளி சக்கரத்துக்குக் கீழ போடு!"

போட்டதும் வேனும் டிரெய்லரும் சமர்த்தாக ஏறின. மச்சான் கைதட்டினான். டிரைவர் திரும்பிப் பார்த்தார். டிரெய்லரில் கால்வாசி காலி. வேனை நிறுத்திவிட்டுக் கீழே குதித்தார்.

"மண்வெட்டியை எடு. எல்லாத்தையும் திரும்ப அள்ளணும்."

"சேத்துக்குள்ள போயிடுச்சே மாமா!"

"தோண்டு. ஒரு கல்லு விடாதே."

தோண்டினார்கள். ஜல்லி வந்தது, கூடவே அடிமண்ணும் வந்தது. முழங்கால் ஆழப் பள்ளம் இடுப்பளவு ஆயிற்று. கல்லைப் பாதையோரத்து ஓடையில் அலசி, டிரெய்லரில் ஏற்றி, பத்தடி நகர்ந்தால் அடுத்த பள்ளம். அங்கேயும் கொட்டி, ஏறி, தோண்டி, அலசினார்கள். பாதை முழுக்க இதே கூத்துதான்.

"மாமா, திரும்பிப் போறப்ப இதுல எப்படி இறங்குறது?"

"அதை அப்பப் பாத்துக்கலாம். எனக்கு இப்ப சாவிதான் முக்கியம்."

விடுதி வாசலில் நின்றபோது பொழுது சாய்ந்திருந்தது. டிரைவரின் இடுப்பு அவர் பேச்சைக் கேட்பதை எப்போதோ நிறுத்தியிருந்தது. ஆனால் டிரெய்லர் நிறைந்திருந்தது. அவருக்கு அழுகை வருகிற அளவுக்குச் சந்தோஷமாக இருந்தது.

காவல்காரர் வந்து டிரெய்லருக்குள் எட்டிப் பார்த்தார்.

"ஒரு கல்லு குறையாது, வேணும்னா அளந்து பாருங்க," என்றார் டிரைவர் நெஞ்சை நிமிர்த்தி. "எங்க கொட்டணும்?"

காவல்காரர் அவர்களையும் வந்த வழியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இங்க எதுக்குங்க? வர்ற வழியில இருக்கிற பள்ளத்தையெல்லாம் மூடத்தானே கேட்டிருந்தோம்!"