நிலாத் தண்ணிக்குப் போன எறும்புதின்னி

ஒரு காட்டில், சோலார் தகடு மாட்டாத மரமே கிடையாது என்னும் அளவுக்கு முன்னேறிவிட்ட ஒரு காட்டில், குடிக்கத் தண்ணீர் இல்லை.

கீழக்காடு என்று அதற்குப் பெயர். அங்கே குரங்குகள் வெயிலில் ஓடும் மின்விசிறிக்கு அடியில் படுத்துக் கிடந்தன. நரிகள் பேட்டரி வண்டியில்தான் வேட்டைக்குப் போயின. எல்லாம் இருந்தது, ஓடையில் மட்டும் மணல் இருந்தது. மலைக்கு அந்தப் பக்கம் இருந்த மேலக்காட்டுக்காரர்கள் ஓடையின் குறுக்கே பெரிய பெரிய மரக்கட்டைகளைப் போட்டு மறித்துவிட்டார்கள்.

காரணம் இல்லாமல் இல்லை. மேலக்காட்டை ஆளும் புலிராணி தன் மகளுக்குக் காதுகுத்து வைத்தார். கீழக்காட்டுச் சிங்கராஜா போகவில்லை. அழைப்பிதழில் அவர் பெயரை வெள்ளெலிக்குக் கீழே போட்டிருந்தார்களாம். அன்றோடு இரண்டு காட்டுக்கும் பேச்சுவார்த்தை நின்றது. பறவைகள்கூட மலையைத் தாண்டக் கூடாது என்று உத்தரவு.

"மலையேறிப் போய் ஒரு வார்த்தை பேசிப் பாத்தா..." என்று ஒரு மான் இழுத்தது.

"அவ வாசல்ல போய் நான் நிக்கணுமா?" சிங்கராஜா பிடரியைச் சிலிர்த்தார். "தாகத்துல செத்தாலும் சாவேனே தவிர, அது நடக்காது!"

"சாகப்போறது நாங்கதானே ராஜா" என்று அந்த மான் வாயெடுப்பதற்குள் பக்கத்து மான் அதன் காலை மிதித்துவிட்டது.

அப்போதுதான் விஞ்ஞானி டாக்டர் சபேசன் முன்னால் வந்தார். அவர் ஒரு கரடி. ஆகவே அவர் என்ன சொன்னாலும் கரடி விடுகிறார் என்றுதான் ஊர் சொல்லும். அவரும் கோபித்துக்கொள்ள முடியாது.

"ராஜா, நிலாவிலேயே தண்ணி இருக்காம். ஐஸ் கட்டியா உறைஞ்சு கிடக்காம். உலகமே அதைப் பத்தித்தான் பேசுது. நாம ஏன் மேலக்காட்டுக்காரிகிட்ட கெஞ்சணும்? ஒரு ராக்கெட்டை விட்டு எடுத்துட்டு வந்துடலாம்."

சிங்கராஜா துள்ளி எழுந்தார். "மலைக்கு அந்தப் பக்கம் போறதுதான் கேவலம். நிலாவுக்குப் போறது கௌரவம்!"

காடே குதித்தது. அன்றைக்கே வேலை ஆரம்பமானது. மூங்கிலால் ராக்கெட். மூக்குக்குக் காய்ந்த சுரைக்குடுக்கை. எரிபொருள் விஷயத்தில் மட்டும் டாக்டர் சபேசன் கறாராக இருந்தார். புகை வரக் கூடாது, பூமி கெடக் கூடாது. யானை லத்தியிலிருந்து எடுக்கும் எரிவாயுதான் என்று முடிவானது.

கீழக்காட்டில் இருந்தது ஒரே யானை, கஜவல்லி. அவளுக்கு மூன்று வேளையும் பலாப்பழம் ஊட்டினார்கள். ஊட்டிவிட்டு, மொத்தக் காடும் அவள் பின்னால் போய் நின்றுகொண்டு எதிர்பார்ப்போடு பார்த்தது.

"காட்டோட எதிர்காலமே என் வயித்துலதான் இருக்குன்னு சொல்றீங்க. சரி. கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டாத்தான் என்னவாம்?" என்று கஜவல்லி கத்தினாள்.

திரும்பிக்கொண்டார்கள். தேசிய எழுச்சியோடு எரிவாயு நிரம்பியது.

அடுத்து, யார் போவது? ஆளைக் கொடியில் கட்டி கிறுகிறுவென்று சுற்றிப் பரீட்சை வைத்தார் டாக்டர். குரங்கு வாந்தி எடுத்தது. கீரி அம்மாவைக் கூப்பிட்டு அழுதது. நரி, தனக்கு வீட்டில் அவசர வேலை இருப்பதை நினைவுகூர்ந்தது.

தையல்நாயகி என்ற எறும்புதின்னி மட்டும் கொடியில் கட்டியதும் உருண்டையாகச் சுருண்டுகொண்டாள். எவ்வளவு சுற்றியும் ஒரு சத்தம் இல்லை.

"என்ன ஒரு மன உறுதி!" என்றார் டாக்டர்.

மன உறுதி எல்லாம் ஒன்றும் இல்லை. பயந்தால் சுருண்டுகொள்வது அவள் பிறவிக் குணம். அவள் பரீட்சைக்கு வந்ததற்குக் காரணமே வேறு. அன்று காலையில் அவளுடைய குட்டிப் பெண் சோலார் தகட்டின்மேல் படிந்திருந்த பனியை நக்கிக்கொண்டிருந்தாள். "அம்மா, இன்னொரு தகடு இருக்கா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியோடுதான் தையல்நாயகி கிளம்பி வந்திருந்தாள்.

"தண்ணி இருக்கிற இடத்துக்குத்தானே அனுப்புறீங்க? நிலாவா இருந்தா என்ன, நெருப்பா இருந்தா என்ன. நான் போறேன்" என்றாள்.

குட்டியைக் கஜவல்லியின் முதுகில் ஏற்றிவிட்டு, "பாத்துக்கோங்க அக்கா" என்றாள்.

"நீ நல்லபடியா போயிட்டு வா தையலு. போற வழிக்கெல்லாம் என்னுதுதான் உனக்குத் துணை" என்று கஜவல்லி கண்கலங்கினாள்.

பளிச்சென்ற காலை வெயிலில் ராக்கெட் கிளம்பியது. அந்த நேரத்தில் நிலா எங்கே இருக்கிறது என்று யாருமே கேட்கவில்லை. முதலில் ஒரு பெரிய ஏப்பம் போன்ற சத்தம். பிறகு பலாப்பழ வாசனை. ராக்கெட் எழும்பியது, எழும்பியது, மேகத்தைத் தொட்டது, ஒரு நொடி யோசித்தது, பிறகு சாய்ந்து மலைக்கு அந்தப் பக்கம் மறைந்தது. கீழே விலங்குகள் கட்டிப்பிடித்துக் கூத்தாடின. ஆமை ஆடியதை அன்றுதான் எல்லோரும் பார்த்தார்கள்.

ராக்கெட் தொப்பென்று தண்ணீரில் விழுந்தது.

சுரைக்குடுக்கையை உடைத்துக்கொண்டு வெளியே வந்த தையல்நாயகி முதலில் வயிறு முட்டக் குடித்தாள். நிமிர்ந்து பார்த்தால், கழுத்தளவு தண்ணீரில் ஒரு காட்டெருமை அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. அதன் பெயர் சிங்காரம்.

"ஐயா, இது எந்தக் கிரகம்?"

"மேலக்காடும்மா" என்றது சிங்காரம். "குளிக்கிற நேரத்துல இப்படியா வந்து விழறது?"

தையல்நாயகிக்குத் தூக்கிவாரிப் போட்டது. எதிரே மரக்கட்டைகள் அடுக்கிய அணை. இவ்வளவு நாளும் அவள் குட்டிக்குக் கிடைக்காத தண்ணீருக்கு நடுவில்தான் மிதந்துகொண்டிருந்தாள். கரையேறி ஓடிவிடலாம் என்று திரும்பினால், கரையில் புலிராணி நின்றிருந்தார்.

"யாரடி நீ? கீழக்காட்டுக்காரியா?"

தையல்நாயகி பாதி சுருண்டுவிட்டாள். அப்போது அவள் கழுத்தில் கட்டியிருந்த வாக்கிடாக்கி கரகரத்தது. டாக்டர் சபேசனின் குரல்: "விண்வெளி வீராங்கனை தையல்நாயகி அவர்களே! ராக்கெட் நிலாவைத் தாண்டிப் போயிருக்க வேண்டும்! எந்தக் கிரகத்தில் இறங்கியிருக்கிறீர்கள்? அங்கே உயிரினங்கள் உண்டா? ஓவர்!"

கோபத்தில் துடித்துக்கொண்டிருந்த புலிராணியின் மீசை நின்றுவிட்டது. "கிரகமா? நம்மளையா?"

"நம்மளைத்தான் ராணி" என்றது சிங்காரம்.

மேலக்காட்டைப் பற்றி இதுவரை ஒருவரும் ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. கிரகம் என்று சொன்னால் யாருக்குத்தான் உச்சி குளிராது? புலிராணி குரலைக் கனைத்துக்கொண்டார். "சிங்காரம், விருந்தாளி வந்திருக்காங்க. வேற்றுக்கிரகத்துல இருந்து! மாலை எங்கே? பலாச்சுளை கொண்டு வா!"

தையல்நாயகிக்குப் பொய் வராது. வாக்கிடாக்கியில் உள்ளதைச் சொன்னாள். "டாக்டர், நான் மலைக்கு இந்தப் பக்கம்தான் இருக்கேன். மேலக்காட்டுல."

மறுமுனையில் வாக்கிடாக்கி கைமாறியது. பிறகு சிங்கராஜாவே பேசினார். "அதைச் சத்தமாச் சொல்லாதே. அங்கே தண்ணி இருக்கா?"

"நிறைய இருக்கு ராஜா."

"உயிரினம்?"

"புலி இருக்கு."

"உன்னை என்ன பண்ணுது?"

"மாலை போட்டுட்டுப் பலாச்சுளை சாப்பிடச் சொல்லுது."

"அப்போ அது மேலக்காடு இல்லவே இல்ல" என்றார் சிங்கராஜா தீர்மானமாக. "மேலக்காட்டுக்காரி நம்மாளுக்குப் பலாக்கொட்டைகூடத் தர மாட்டா. அது வேற கிரகம்தான். நீ சின்னவ, உனக்குத் தெரியாது. வாக்கிடாக்கியை அவங்ககிட்ட குடு."

இரு தலைவர்களும் பேசினார்கள். வாயில் இவ்வளவு மரியாதை இருப்பது இருவருக்குமே புதிதாக இருந்தது.

"பூமியிலிருந்து வணக்கம். உங்கள் கிரகத்தின் அழகைப் பற்றி நிறையக் கேள்விப்பட்டிருக்கிறேன்."

"வணக்கம், பூமிவாசியே. உங்கள் வீராங்கனையின் செதில்கள் அபாரம்."

"உங்க குரலை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கே?"

"எல்லாக் கிரகத்துலயும் புலிக்கு ஒரே குரல்தான்."

"இருக்கும், இருக்கும். எங்கள் கிரகத்தில் கொஞ்சம் தண்ணீர்க் கஷ்டம்..."

"அடடா! முதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா? பக்கத்து வீட்டுக்காரனா இருந்தா தர மாட்டேன். அண்டவெளியில ஒருத்தருக்கொருத்தர் இதுகூடச் செய்யலேன்னா எப்படி? சிங்காரம், கட்டையைத் தள்ளு!"

சிங்காரம் ஒரே முட்டு. கட்டைகள் உருண்டன. மலை இடுக்கு வழியே தண்ணீர் குபுகுபுவென்று கீழக்காட்டுக்குள் பாய்ந்தது. டாக்டர் சபேசன் ஒரு பாறைமேல் ஏறி, விண்வெளித் தண்ணீர் மின்சாரமே இல்லாமல், புவியீர்ப்பு விசையிலேயே வருகிறது, இதைவிடப் பசுமையான தொழில்நுட்பம் இந்தப் பிரபஞ்சத்தில் கிடையாது என்று முழங்கினார். யாரும் கேட்கவில்லை. எல்லோரும் ஓடைக்குள் இருந்தார்கள்.

தையல்நாயகி மலையேறி இறங்கி, சாயங்காலத்துக்குள் நடந்தே வீடு வந்து சேர்ந்தாள்.

"வேற்றுக்கிரகத்திலிருந்து நடந்தா வந்தீங்க?" என்று டாக்டர் பதறினார். "சரி சரி. குறுக்கு வழின்னு சொல்லிடலாம்."

மறுநாள் பாராட்டு விழா. மைக்கை அவள் கையில் கொடுத்தார்கள். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று அவளுக்கு நெஞ்சு குறுகுறுத்தது. வாயைத் திறந்தாள். கூட்டத்தின் முன்வரிசையில் அவள் குட்டி, தண்ணீர் குடித்துக் குடித்து உருண்டையாகிப்போன வயிற்றோடு, விக்கல் எடுத்துக்கொண்டு, கை தட்டிக்கொண்டிருந்தாள்.

"அந்தக் கிரகம்..." என்றாள் தையல்நாயகி. "ரொம்ப, ரொம்ப தூரம். ஆனா ரொம்ப நல்ல ஜனங்க."

கைதட்டல் மலையில் மோதி எதிரொலித்தது. அந்தப் பக்கத்திலிருந்தும் யாரோ தட்டியது போல் இருந்தது.

கூட்டம் கலையும்போது கஜவல்லி டாக்டர் சபேசனைத் தனியாக ஒரு மரத்தடிக்கு அழைத்துப் போனாள்.

"டாக்டர், எனக்கும் வேற காட்டுல இருக்கிற என் மாமியாருக்கும் ரொம்ப நாளாப் பேச்சில்ல. அவங்களையும் ஒரு கிரகமா அறிவிச்சுடுங்களேன். எரிவாயு எவ்வளவு வேணும்னாலும் நான் தர்றேன்."

நீதி: அண்டை வீட்டாரோடு சண்டையா? இறங்கிப் போய்ப் பேசி மானத்தை இழக்க வேண்டாம். அவர்களை வேற்றுக்கிரகவாசிகள் என்று அறிவித்துவிட்டு, அந்தத் திசையில் ஒரு ராக்கெட்டை விடுங்கள்.